ஏரா வைத்த சிறு பாய்ப்படகு: எந்தக் கோளாறுக்கு எங்கிருந்து பார்ப்பது

என் படகு கிளிநொச்சி மாவட்டத்து நாச்சிக்குடாவில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஆள்மட்டத் தண்ணீரில் நிற்கிறது. 21 அடி பைபர் உடல். அடியில் வார்ப்பிரும்பு ஏரா, அதாவது படகு கவிழாமலும் பக்கமாக வழுக்காமலும் பிடிக்கும் பாரத் தகடு, ஏழு பொல்ட்டில் தொங்குகிறது. திருகோணமலையில் பழையதாக வாங்கி, லொறியில் ஏற்றி, மாங்குளம் வெள்ளாங்குளம் வீதியால் கொண்டுவந்தேன். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. அந்த வருடம் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் வள்ளங்கள் பல கரையிலேயே கிடந்தன. அப்போதுதான் பாய் வைத்த படகை வேடிக்கையாகப் பார்த்தவர்கள் கிட்ட வந்து கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். பூநகரிப் பக்கமும் மன்னார்ப் பக்கமும் சிலர் சிறிய பாய்ப்படகு வைத்திருக்கிறார்கள். அவர்கள் வந்து சொல்லும் கோளாறுகள் திரும்பத் திரும்ப இந்த ஆறேழுதான்.

ஒவ்வொரு கோளாறின் கீழும் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். காரணம் கிடைத்த இடத்தில் நின்றுவிடுங்கள், அடுத்ததற்குப் போகவேண்டாம். நான் ஒருமுறை பின்பக்கத்திலிருந்து தொடங்கிப் பெரிய காசை விட்டவன். அந்தக் கதை முதலாவது கோளாறிலேயே வருகிறது.

படகுக்குள் தண்ணீர் நிற்கிறது

இறைத்து ஊற்றிவிடாதீர்கள். முதலில் மணந்து பாருங்கள். பெற்றோல் மணந்தால் எஞ்சின் தாங்கியும் குழாயும்தான் முதல் வேலை. பீடி, தீப்பெட்டி, பற்றரிச் சுவிட்ச் ஒன்றும் கிட்ட வரக்கூடாது. எல்லா மூடியையும் திறந்து காற்றோட விடுங்கள். மணம் இல்லையென்றால் விரலில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வையுங்கள்.

*உப்பில்லாவிட்டால்: மழைத் தண்ணீர்*

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான். கீழே ஓட்டை என்று பயந்துபோய்ப் பேசுவார்கள். தண்ணீர் மேலிருந்து வந்திருக்கும். மூடியின் றப்பரைப் பாருங்கள், வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். அடுத்தது பாய்மரத்தின் அடி, விளக்கு வயர் உள்ளே இறங்கும் துளை. அப்புறம் மேல்தட்டில் பூட்டியிருக்கும் ஒவ்வொரு கொக்கியும் கம்பமும்.

ஒருவர் உள்ளே டோர்ச்சுடன் படுத்திருக்க, மற்றவர் மேலே ஒவ்வோர் இடமாக வாளியால் ஊற்றவேண்டும். தாழ்ந்த இடத்தில் தொடங்கி மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து ஒன்றும் பிடிபடாது. ஒழுகும் பொல்ட்டின் தலையைச் சுற்றி மேலால் சிலிக்கன் பூசுவது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. பொல்ட்டைக் கழற்றி, துளையைக் காயவிட்டு, புதுச் சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) போட்டு, மறுபடி பூட்டவேண்டும்.

மேல்தட்டில் நடக்கும்போது கால் அமுங்குகிறதா? கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் டக் டக் என்று கேட்கும். உளுத்த இடத்தில் சத்தம் மந்தமாகும். பைபர் இரண்டு தட்டுக்கு நடுவில் இருக்கும் பலகை ஊறிவிட்டது என்று அர்த்தம். உள்ளங்கை அகலத்துக்குள் என்றால் நீங்களே வெட்டி எடுத்து அடைக்கலாம். அதற்கு மேல் பரவியிருந்தால், குறிப்பாகப் பாய்மரத்தின் அடியைச் சுற்றி என்றால், பைபர் வேலைக்காரரைக் கூப்பிடுங்கள்.

*உப்பு, ஆனால் ஓடும்போது மட்டும்*

படகு ஒருபக்கம் சாயும்போது வழக்கமாகத் தண்ணீருக்கு மேலே நிற்கும் துளை ஏதோ கீழே போகிறது. இருக்கைப் பள்ளத்திலிருந்து தண்ணீர் வடியும் குழாயின் இணைப்பு, எஞ்சின் பூட்டும் பலகையின் பொல்ட்டுகள், நங்கூரப் பெட்டியின் வடிகால், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். இடது பக்கம் சாய்ந்தால் வருகிறதா, வலது பக்கம் சாய்ந்தால் வருகிறதா என்று குறித்து வைத்தால் தேடும் வேலை பாதியாகும்.

*உப்பு, நின்றபடியே வருகிறது*

இங்கேதான் எல்லோருக்கும் ஏரா ஞாபகம் வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. ஒவ்வொரு காலையும் மூன்று பால்மாத் தகரம் தண்ணீர். ஒரு பட்டறையில் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, ஏராவைக் கழற்றி எல்லாப் பொல்ட்டும் மாற்றவேண்டும் என்றார்கள். நம்பினேன். பூம் லொறி பிடித்து, கரையில் ஏற்றி, பனங்குற்றி முட்டுக்கொடுத்து, ஏராவை இறக்கினோம். ஏழு பொல்ட்டும் புதுசுபோல இருந்தன. திரும்பப் பூட்டிக் கடலில் விட்ட மறுநாள் காலை, அதே மூன்று தகரம்.

வாடியில் (கரையோர மீனவர் குடிலில்) இருந்த ஒரு வயதான சம்மாட்டி ஐயாதான், படகு வலை வைத்துத் தொழில் நடத்துபவர், கேட்டார். "தம்பி, கனக்க ஆக்கள் பின்னால இருந்தா கூட வருதோ, முன்னால இருந்தா கூட வருதோ?" நான் பார்த்திருக்கவில்லை. பார்த்தேன். இரண்டு பேர் பின்னால் இருந்தால் கூடியது. சுக்கானின் கீழ்க் கொளுவியைப் பிடித்திருந்த நான்கு திருகாணியில் இரண்டு தளர்ந்திருந்தன. ஆட்கள் பின்னால் இருக்க அந்தத் துளைகள் தண்ணீருக்குக் கீழே போயின. ஒரு குழாய் சீலன்ட், ஒரு மத்தியானம். அவ்வளவுதான்.

ஆகவே இந்த ஒழுங்கில் பாருங்கள். முதலில் அடிக்குழியை முழுக்கத் துடைத்துக் காயவையுங்கள். காய்ந்த பிறகு சந்தேகமான ஒவ்வோர் இடத்தைச் சுற்றியும் முகப்பவுடர் தூவுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் பவுடரில் தண்ணீர் வந்த வழி கோடாகத் தெரியும். தூவவேண்டிய இடங்கள்: வெளியே போகும் குழாய்களின் வால்வு, அந்தக் குழாய்களைக் கவ்வும் வளையம் (துருப்பிடித்து ஒருபக்கம் அறுந்தே கிடக்கும், கண்ணாடி வைத்துப் பின்பக்கம் பாருங்கள்), சுக்கான் கொளுவிகள், கடைசியாக ஏராப் பொல்ட்டுகள். ஆட்களை முன்னுக்கும் பின்னுக்கும் இருத்தி, தண்ணீர் கூடுகிறதா குறைகிறதா என்று தகரக் கணக்கில் எழுதுங்கள்.

பவுடரில் கோடு ஏராப் பொல்ட்டின் அடியிலிருந்தே வந்தால் நிறத்தைப் பாருங்கள். தெளிவான தண்ணீர் என்றால் சீலன்ட் மட்டும் போயிருக்கலாம். சிவப்புக் கசிவு என்றால் பொல்ட்டைத் துரு தின்கிறது. ஸ்டெயின்லெஸ்தானே என்று ஆறுதல் கொள்ளவேண்டாம். காற்றுப் படாத ஈர இடுக்கில் ஸ்டெயின்லெஸ்ஸும் உள்ளுக்குள் அரித்துப்போகும். தலையும் நட்டும் மின்னிக்கொண்டிருக்க, ஏராவும் உடலும் சேரும் இடத்தில் கழுத்து மட்டும் பென்சில் அளவுக்கு மெலிந்திருக்கும்.

*ஆளைக் கூப்பிடவேண்டிய இடம்:* சிவப்புக் கசிவு, நட்டை இறுக்க இறுக்க முடிவில்லாமல் சுற்றுவது, சுத்தியலால் தட்டினால் ஒரு பொல்ட் மட்டும் மந்தமாகக் கேட்பது. இதில் ஒன்று இருந்தாலும் பொல்ட் ஒன்றைக் கழற்றிப் பார்க்கவேண்டும். நீங்களாக நீள ஸ்பனர் போட்டு முழுப்பலத்தில் இறுக்கினால் மெலிந்த பொல்ட் அந்த இடத்திலேயே அறும். படகைக் கரையேற்றிய பிறகுதான் அந்த வேலை. பொல்ட்டைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ லேத் பட்டறையில் செய்விக்கலாம். ஆனால் 316 வகை ஸ்டெயின்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள், 304 வகை கடலுக்கு அடியில் நிற்காது. ஏராவைப் பூட்டும்போது நடுவில் பொலியுரேத்தேன் வகைச் சீலன்ட், சிக்காபிளெக்ஸ் போன்றது. சிலிக்கன் வேண்டாம்.

மணித்தியாலத்துக்கு ஒரு வாளிக்கு மேல் வந்தால் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஏரா மணலில் தட்டும் ஆழத்துக்குப் படகைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் தேடுங்கள். பாக்கு நீரிணைப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த மணல் எப்போதும் கிட்டத்தான்.

ஏரா தரையில் தட்டிவிட்டது

இரணைதீவுப் பக்கமோ பூநகரிக் கரையோரமோ ஓடுகிறவருக்கு இது நடக்காமல் இருக்காது. தட்டிய உடனே செய்யவேண்டியதும், பிறகு பார்க்கவேண்டியதும் வேறு வேறு.

*இப்போது மணலில் நிற்கிறது*

எல்லாப் பாய்க்கயிற்றையும் விட்டுவிடுங்கள். காற்று பாயில் இருக்கும்வரை படகு இன்னும் மேட்டுக்குத்தான் ஏறும். ஒருவர் உள்ளே போய்த் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கவேண்டும். வராவிட்டால், வந்த வழியிலேயே பின்னுக்குப் போக முயலுங்கள், முன்னுக்கு வேண்டாம். எல்லோரும் ஒருபக்கம் போய்ப் படகைச் சாய்த்தால் ஏராவின் அடி உயரும். போதாவிட்டால் ஒருவர் பாயின் அடித்தடியில் தொங்கி, தடியைப் படகுக்கு வெளியே தள்ளலாம். அப்படியும் அசையாவிட்டால் நங்கூரத்தைத் தோணியில் கொண்டுபோய் ஆழப்பக்கம் போட்டு, கயிற்றை இழுத்துப் படகைச் சாய்த்தபடி வெளியே வரலாம்.

எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. பெருக்கு வந்தால் தானாக மிதக்கும் என்று இருந்துவிடாதீர்கள், அந்தக் கொஞ்ச உயரம் பல நாளில் போதாது. எஞ்சின் வள்ளக்காரர் உதவிக்கு வந்தால் கயிற்றைப் படகின் உடலைச் சுற்றிக் கட்டிக் கொடுங்கள். முன்கொக்கியில் கட்டினால் கொக்கி பிடுங்கிக்கொண்டு பறக்கும், அது ஆளை வெட்டும். மெதுவாக, பின்பக்கமாக இழுக்கச் சொல்லுங்கள். இழுக்கும் நேரம் கயிற்றின் நேரே யாரும் நிற்கக்கூடாது.

*வெளியே வந்தாயிற்று, இப்போது எதைப் பார்ப்பது*

சேற்றிலோ மணலிலோ மெதுவாக ஏறி நின்றதென்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. கல்லிலோ, களங்கட்டிக் கட்டையிலோ (மீன் மறிக்கக் கடலில் நட்ட கட்டை) வேகமாக மோதியதென்றால் வெளியே மட்டும் பார்க்காதீர்கள். ஏராவின் அடி நின்றுபோக, படகு முன்னுக்குப் போகப் பார்க்கிறது. அப்போது ஏராவின் பின் நுனி மேல்நோக்கி உடலுக்குள் குத்துகிறது. அதனால் உள்ளே, கடைசிப் பொல்ட்டுக்குப் பின்னால்தான் முதலில் பாருங்கள். வெள்ளை நிறத்தில் மயிர் போன்ற கோடுகள், அடிக்குறுக்குப் பலகைகள் பைபரிலிருந்து விட்டுக் கழன்ற இடங்கள் தெரியும்.

வெளியே ஏராவும் உடலும் சேரும் இடத்தில், முன்பக்கமாக ஒரு வெடிப்பு இருக்கலாம். பெயின்டில் மட்டும் என்றால் சுரண்டிச் சீலன்ட் பூசினால் போதும். ஒரு வீட்டுச் சாவி உள்ளே போகும் அளவு என்றால் பொல்ட் தளர்ந்திருக்கிறது. படகு அலையில் உருளும்போது அடியில் "டொக்" என்ற சத்தம் ஒழுங்காகக் கேட்டாலும் அதேதான். இந்த இரண்டில் எது இருந்தாலும் கடலுக்குப் போகவேண்டாம். ஏரா கழன்ற படகு சில நொடியில் கவிழும், ஆட்கள் உள்ளே மாட்டுவார்கள். மற்றக் கோளாறுகளில் நீங்களாக ஏதாவது செய்து பார்க்கலாம், இதில் செய்யக்கூடாது.

பைபர் வெடிப்பை நீங்களே அடைக்கிறீர்கள் என்றால் மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் றெசின் பிடிக்காது. வெடிப்பை அப்படியே மூடாமல் இரண்டு பக்கமும் சரிவாக வாய்க்கால் போலச் சுரண்டி, பிறகு மற் (பைபர் இழை விரிப்பு) வைத்துப் படியுங்கள். 100 கிராம் பொலியெஸ்ரர் றெசினுக்கு 1 முதல் 2 கிராம் ஹார்டனர். எங்கள் வெயிலுக்கு ஒன்றுக்குக் கிட்டவே போதும், கூடினால் கோப்பையிலேயே இறுகிச் சுடும். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடி போடாமல் தொடாதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். நம் கரைகளில் இதை வெறுங்கையால் கலக்கிறார்கள். பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சுக்கான் பிடியைத் தாங்கமுடியவில்லை, படகு காற்றுக்குள் திரும்பப் பார்க்கிறது

முதலில் பின்னால் எட்டிப் பாருங்கள். சுக்கான் பலகை முழுவதும் இறங்கியிருக்கிறதா? எங்களுடைய படகுகளில் பல, தரை தட்டினால் பலகை மேலே மடியும் வகை. சாதாழையில் (கடற்புல்லில்) பட்டோ மணலில் பட்டோ கொஞ்சம் மடிந்திருக்கும், கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு நீண்டிருக்கும். இருபது பாகை மடிந்தாலே கை சோர்ந்துபோகும். கயிற்றை இறுக்கிக் கட்டினால் சரி. மூன்று பேரின் "பாய் பிழை, மரம் பிழை" என்ற முறைப்பாட்டை இந்த ஒரு முடிச்சு தீர்த்திருக்கிறது.

பலகை நேராக இருந்தும் இழுத்தால் பாய் கூடிவிட்டது. சோழகம் எழும்பி அலைநுனி வெள்ளையாக உடையத் தொடங்கினால் பெரிய பாயை ஒரு மடிப்பு மடித்துக் கட்டுங்கள். மடிப்பதா வேண்டாமா என்ற யோசனை வந்த நேரமே மடிக்கிற நேரம். அதற்கு முன் பெரிய பாயின் கயிற்றை, மரத்தோரம் பாய் லேசாகத் துடிக்கும்வரை விட்டுப் பாருங்கள். பாயின் அடிப்பக்கத்தை இழுத்துத் தட்டையாக்குங்கள். வயிறு வைத்த பாய் இழுக்கத்தான் செய்யும்.

அதுவும் சரியென்றால் கொஞ்சத் தூரம் போய்நின்று மரத்தைப் பாருங்கள். முன்கம்பி நீண்டு மரம் பின்னால் சாய்ந்திருந்தால் முன்கம்பியின் திருகை ஒவ்வொரு சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாருங்கள். கடைசியாக மிஞ்சுவது பழைய பாய். துணி தொய்ந்து வயிறு பின்னுக்குப் போயிருந்தால் எந்தக் கயிற்றை இழுத்தும் பயன் இல்லை, பாய் தைப்பவரிடம்தான் போகவேண்டும்.

*பிடி நடுங்குகிறது, கடகடக்கிறது*

படகு நிற்கும்போது பலகையைக் கையால் பிடித்து இருபக்கமும் ஆட்டுங்கள். பிடி அசையாமல் பலகை மட்டும் அசைந்தால் கொளுவியின் புஷ் தேய்ந்துவிட்டது. நைலோனில் கடைந்து வாங்கலாம், மலிவு. பலகை வழக்கத்தைவிடப் பாரமாக இருந்தால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது. அடியில் சின்னத் துளையொன்று போட்டு ஒரு கிழமை தொங்கவிடுங்கள். வடிவது பழுப்பு நிறமாக இருந்தால் உள்ளிரும்பு துருப்பிடிக்கிறது. புதுப் பலகைக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள். மரத்தில் செய்வதென்றால் படகு கட்டும் ஓடாவி ஒருவர் அருமையாகச் செய்துதருவார்.

காற்றுமுகத்துக்கு ஏறவில்லை, பக்கவாட்டில் வழுக்குகிறது

இந்த அளவுப் படகு காற்றுக்கு 45 முதல் 50 பாகை வரைதான் ஏறும். அதற்கு உள்ளே போகப் பார்த்தால் வேகம் விழும், வேகம் விழுந்தால் ஏரா பிடிக்காது, பக்கமாகத்தான் போகும். முதலில் கொஞ்சம் விலக்கி ஓட்டி வேகம் பிடியுங்கள். அதிலேயே சரியானால் கோளாறு படகில் இல்லை. முன்பாயின் ஓரத்தில் பழைய கசெற் நாடாத் துண்டுகளை இருபக்கமும் ஒட்டுங்கள். இரண்டும் நேராகப் பின்னோக்கி ஓடினால் பாய் சரியாக இருக்கிறது.

வேகமே வரவில்லையென்றால் அடியைப் பாருங்கள். சாதாழை ஏராவில் மாலை போட்டதுபோலத் தொங்கும், மேலிருந்து தெரியாது. படகைக் காற்றுக்கு நேரே திருப்பி, பின்னோக்கி நகர விடுங்கள். பெரும்பாலும் கழன்று முன்னால் மிதக்கும். கழராவிட்டால் முன்னணியத்திலிருந்து ஒரு கயிற்றை அடியால் பின்னோக்கி இழுத்து வாருங்கள்.

ஒட்டுச்சிப்பி வேறு கதை. எங்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் சில கிழமையில் கை வைத்தால் கிழிக்கும் அளவு வளர்ந்துவிடும். ஆடாமல் நிற்கும் படகில் இன்னும் விரைவு. முங்கிச் சுரண்டுவதற்கு மரச் சட்டம் அல்லது பிளாஸ்டிக் சுரண்டி எடுங்கள். இரும்பால் சுரண்டினால் பெயின்டும் போய் அடுத்த சிப்பிக்கு நல்ல இடம் கிடைக்கும். மூன்று முறை சுரண்டியும் உடனே திரும்ப வந்தால் அடிப்பெயின்ட் முடிந்துவிட்டது. கரையேற்றிப் பூசவேண்டியதுதான். 18 அடி நீர்மட்ட நீளமுள்ள படகு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஐந்தரை நொட்டுக்கு மேல் அதிகம் ஓடாது. அதற்கு மேல் எதிர்பார்த்துச் சுரண்டிக் களைக்கவேண்டாம்.

அடியும் சுத்தம், பாயும் சரி, முன்கம்பி மட்டும் நடுவில் தொய்ந்திருந்தால் முன்பாய் வயிறு வைத்து ஏறவிடாது. பின்கம்பியையும் பக்கக் கம்பிகளையும் சமமாக இறுக்குங்கள்.

*பாய் மாற்றித் திரும்பும்போது நடுவில் நின்றுவிடுகிறது*

வேகமில்லாமல் திரும்பினால் இப்படி ஆகும். முன்பாயை உடனே விட்டுவிடாமல், காற்று அதன் மறுபக்கம் பிடித்து மூக்கைத் தள்ளும்வரை வைத்திருங்கள். நின்றே போய்விட்டால் படகு பின்னோக்கி நகரும். அப்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்பதை மறக்காதீர்கள்.

பாய் ஏறவில்லை, அல்லது இறங்கவில்லை

பாய்க்கயிற்றை விட்டீர்களா? படகு காற்றுக்கு நேரே நிற்கிறதா? அடித்தடியைக் கீழே இழுக்கும் கயிறு தளர்ந்திருக்கிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால்தான் மேலே பாருங்கள். காற்று நிறைந்த பாயை எந்தப் பலத்தாலும் இறக்கமுடியாது.

அடுத்தது மரத்தின் பள்ளம். உப்பும் மணலும் அடைத்திருக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, மெழுகுதிரியை உரசிவிடுங்கள். எண்ணெய், கிறீஸ் பூசினால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாயையும் அழுக்காக்கும்.

ஏற்றுகயிறு மேலே கப்பிக்குப் பக்கத்தில் இறங்கிச் சிக்கியிருந்தால் கயிறு கொஞ்சம் அசைந்து உடனே நிற்கும். இழுக்காதீர்கள், இழுத்தால் ஆப்பு வைத்ததுபோல இறுகும். தளரவிட்டு, ஆட்டி, காற்றில்லாத காலையில் முயலுங்கள். மேலே ஏறுவதற்கு ஆளைத் தேடவேண்டாம். 21 அடிப் படகின் மர நுனியில் ஒரு ஆள் இருந்தால் படகே சாயும். முன்கம்பியைக் கழற்றி மரத்தைப் படுக்கவைப்பது மூன்று பேரின் அரை மணித்தியால வேலை. படுக்கவைத்த நேரம் கப்பி, கம்பி நுனி, விளக்கு எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். சுற்றாமல் அடம்பிடிக்கும் கப்பியை வெந்நீரில் ஊறவைத்தால் உப்புக் கரையும்.

மரம் ஆடுகிறது, கம்பி தொளதொளக்கிறது

ஓடும்போது காற்றொதுக்குப் பக்கத்து (காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து) கம்பி கொஞ்சம் தளர்ந்திருப்பது வழமை. காற்றுப் பக்கத்துக் கம்பியும் தளர்ந்தால்தான் கோளாறு. முதலில் திருகுகளைப் பாருங்கள். பூட்டு முள் விழுந்து தானாகக் கழன்றிருக்கும். இரண்டு பக்கமும் சமமாக இறுக்கி, புது முள் போட்டு, முள்ளின் கூர் பாயைக் கிழிக்காமல் நாடா சுற்றுங்கள்.

இறுக்கினாலும் ஒரு கிழமையில் திரும்பத் தளர்ந்தால் கம்பி நீளவில்லை, ஏதோ அமுங்குகிறது. மரத்தின் அடியில் மேல்தட்டு பள்ளமாகியிருக்கிறதா என்று ஒரு நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். கம்பி பூட்டும் பட்டை உடலுக்குள் இறங்கும் இடத்தில் துரு வடிந்திருக்கிறதா என்று உள்ளே பாருங்கள்.

பிறகு கம்பி. பழைய பருத்தித் துணியொன்றால் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழ்வரை உருவுங்கள். வெறுங்கை வேண்டாம். எங்காவது நூல் மாட்டினால் அந்த இடத்தில் ஒரு இழை அறுந்திருக்கிறது. ஒரு இழை அறுந்த கம்பிக்கு வைத்தியம் இல்லை, மாற்றவேண்டும். பத்தொன்பதில் இன்னும் பதினெட்டு இழை இருக்கிறதே என்று கணக்குப் பார்க்கவேண்டாம். அறுவது பெரும்பாலும் கீழ்நுனி அழுத்தப்பட்ட இடத்தில், உப்புத் தண்ணீர் தேங்குவது அங்கேதான். பக்கத்துக் கம்பியும் அதே வயது என்பதால் சோடியாக மாற்றுங்கள். பத்துப் பதினைந்து வருடம் ஆன கம்பியென்றால் அறாவிட்டாலும் முழுக்க மாற்றும் வயதுதான். நுனி அழுத்தும் இயந்திரம் இங்கே கிடைப்பதில்லை. பழைய கம்பியை மாதிரிக்குக் கட்டி வெளியூருக்கு அனுப்பித்தான் எடுக்கவேண்டும். அதுவரை பெரிய பாய் ஏற்றவேண்டாம்.

கடலில் நிற்கும்போதே கம்பி அறுந்தால், அறுந்த பக்கம் ஒதுக்குப் பக்கமாகும்படி உடனே திரும்புங்கள். அப்புறம் பாயை இறக்கி, ஏற்றுகயிற்றை அந்தப் பக்கத்துப் பட்டையில் இழுத்துக் கட்டி, மெதுவாக வீடு வாருங்கள்.

சின்ன எஞ்சின் கிளம்பவில்லை

இதில் நான் சொல்லித்தர அதிகம் இல்லை. அவசரத்தடைக் கயிற்றின் கிளிப் மாட்டியிருக்கிறதா, தாங்கி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, கியர் நடுவில் இருக்கிறதா, பெற்றோல் எத்தனை மாதப் பழசு, பிளக் ஈரமா காய்ந்ததா, இந்த ஒழுங்கு போதும். பாய்ப்படகில் எஞ்சினைப் பல கிழமை தொடுவதில்லை, அதனால் காபரேட்டரில் பெற்றோல் காய்ந்து பசையாவதுதான் வழக்கமான வருத்தம். ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் பெற்றோல் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

கிளம்புகிறது, ஆனால் பக்கத்தில் ஊசிபோலத் தண்ணீர் பீச்சவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். அந்தத் துளைக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள், மணலோ உப்போ அடைத்திருக்கும். கீழே தண்ணீர் எடுக்கும் வாயில் சாதாழை, பொலித்தீன் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் தண்ணீர் பம்பின் றப்பர்ச் சக்கரம் தேய்ந்துவிட்டது. அதை மாற்றத் தெரிந்தவர் நாச்சிக்குடாவிலும் வலைப்பாட்டிலும் எந்த வாடியிலும் இருப்பார். பிற்பகலில், வலை காயும் நேரத்தில் எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு போங்கள்.